கேளுங்க, சொல்றேன்: க்ளவுட் சர்ட்டிஃபிகேஷன் எக்ஸாமுக்கு எப்படிப் படிக்கிறது?

க்ளவுட் எக்ஸாம் பத்தி கொஞ்ச நாளாவே கேள்விங்க வந்துக்கிட்டே இருக்கு, அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. க்ளவுட்னா சொந்தமா சர்வர் வாங்காம ஏடபிள்யூஎஸ் (அமேசான்), அஷ்யூர் (மைக்ரோசாஃப்ட்), கூகுள் க்ளவுட் மாதிரி இடத்துல வாடகைக்கு எடுத்துக்குறது. ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, நான் சப்போர்ட் டீம்ல வேலை பாக்குறேன். ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எழுதலாம்னு ஒரு வீடியோ கோர்ஸ் முழுசா பாத்து முடிச்சுட்டேன், நோட்ஸும் எழுதி வெச்சிருக்கேன். ஆனா மாக் டெஸ்ட் போட்டா பாதி மார்க் கூட தாண்ட மாட்டேங்குது. திரும்ப முதல்லேர்ந்து வீடியோ பாக்கணுமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. வீடியோ பாக்கும்போது எல்லாமே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், ஏன்னா அங்க முடிவு எடுக்குறது பாடம் எடுக்குறவரு, நீங்க தலையாட்டுறீங்க அவ்ளோதான். எக்ஸாம்ல முடிவு நீங்க எடுக்கணும். எஸ்3னா (ஏடபிள்யூஎஸ்ல ஃபைல் சேமிக்கிற சர்வீஸ்) என்னன்னு அந்த எக்ஸாம் கேக்குறதே இல்ல. நாலு ஆப்ஷன் குடுப்பாங்க, அதுல ரெண்டு மூணு உண்மையிலயே வேலை செய்யும், ஆனா கேள்விக்குள்ள ஒரு கண்டிஷன் ஒளிஞ்சிருக்கும், செலவு கம்மியா இருக்கணும், இல்ல பராமரிப்பு வேலை கம்மியா இருக்கணும், இல்ல டேட்டா இன்டர்நெட் பக்கமே போகக் கூடாதுன்னு. அந்தக் கண்டிஷனுக்கு எது பொருந்துதோ அதுதான் விடை.

ஒண்ணு நானே போட்டுக் காட்டுறேன் பாருங்க. ஒரு கம்பெனியோட ஈசி2 சர்வர்கள் (ஏடபிள்யூஎஸ்ஸோட வாடகை சர்வர்) ப்ரைவேட் சப்நெட்ல, அதாவது வெளியிலேர்ந்து நேரா தொட முடியாத நெட்வொர்க் துண்டுல, இருக்கு, தினமும் அதே ரீஜன்ல (டேட்டா சென்டர்கள் இருக்குற ஒரு வட்டாரம்) இருக்குற எஸ்3 பக்கெட்லேர்ந்து ஏகப்பட்ட டேட்டா எடுக்குது, எல்லாம் நேட் கேட்வே (ப்ரைவேட் சர்வர் வெளிய போறதுக்கான வழி) வழியா போகுது, பில் எகிறுது. செலவைக் குறைக்கணும், சர்வர் ப்ரைவேட்டாவே இருக்கணும். ஆப்ஷன்ஸ்: பெரிய நேட் இன்ஸ்டன்ஸ் ஒண்ணு (அதே வேலையைச் செய்ற நம்ம சொந்த சர்வர்) போடுறது, எஸ்3க்கு இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் (இன்டர்நெட் பக்கம் போகாத தனி வழி) போடுறது, கேட்வே எண்ட்பாயிண்ட் போடுறது, சர்வரை பப்ளிக் சப்நெட்டுக்கு மாத்துறது. கடைசி ஆப்ஷன் கண்டிஷனையே உடைக்குது, போச்சு. நேட் இன்ஸ்டன்ஸ் வேலை செய்யும், ஆனா அந்த சர்வருக்கும் காசு, அதைப் பாத்துக்குற வேலையும் நம்ம தலையில. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்டும் வேலை செய்யும், ஆனா மணி நேரத்துக்கு ஒரு சார்ஜ், ஜிபிக்கு ஒரு சார்ஜ். கேட்வே எண்ட்பாயிண்டுக்குத் தனியா சார்ஜே கிடையாது, அது எஸ்3க்கும் டைனமோடிபிக்கும் (ஏடபிள்யூஎஸ்ஸோட ஒரு டேட்டாபேஸ்) மட்டும்தான் இருக்கு. அப்ப அதான் விடை. இதுல விடையைத் தெரிஞ்சுக்கிட்டது பெரிசில்ல, மத்த மூணும் ஏன் இல்லன்னு சொல்ல முடிஞ்சுதே, அதுதான் படிப்பு.

அதனால இனிமே மாக் டெஸ்ட் முடிச்சதும் மார்க்கைப் பாத்துட்டு மூடி வெக்காதீங்க. ஒவ்வொரு கேள்விக்கும், சரியா போட்டதுக்கும் சேத்துதான், மத்த ஆப்ஷன் ஏன் பொருந்தலன்னு ஒரு வரி எழுதுங்க. எழுத வரலன்னா அந்த சர்வீஸோட அஃபிஷியல் டாக்குமெண்டைத் திறந்து அந்த ஒரு விஷயத்தை மட்டும் படிங்க. ஒரு டெஸ்ட்டை இப்படி அலசுறதுக்கு அதை எழுதுனதை விட ரெண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகட்டும். அதே டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப போட்டு 90 வாங்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, கேள்வி மனப்பாடம் ஆகியிருக்கும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, எக்ஸாம் கைடுன்னு ஒரு பிடிஎஃப் ஏடபிள்யூஎஸ்காரங்களே ஃப்ரீயா போட்டிருக்காங்க, நெறைய பேர் அதைத் திறந்தே பாக்குறதில்ல. எஸ்ஏஏ-சி03 (நீங்க எழுதப் போற எக்ஸாமோட கோட்) கைடுல செக்யூரிட்டிக்கு 30 சதவீதம், சிஸ்டம் விழாம தாங்குறதுக்கு 26, பெர்ஃபார்மன்ஸுக்கு 24, செலவுக்கு 20ன்னு பிரிச்சே குடுத்திருக்காங்க. உங்க நோட்ஸ்ல ஐஏஎம் பாலிசி (யாருக்கு என்ன அனுமதிங்கற விதி) பத்தி எத்தனை பக்கம் இருக்கு, ஈசி2 டைப்ஸ் பத்தி எத்தனை பக்கம் இருக்குன்னு இதோட வெச்சுப் பாருங்க, எங்க ஓட்டைன்னு உடனே தெரிஞ்சுடும்.

கேள்வி: மேடம், ஏடபிள்யூஎஸ், அஷ்யூர், கூகுள் க்ளவுட், எதுல ஆரம்பிக்கிறது? மூணையும் ஒண்ணா படிச்சா நேரம் மிச்சமாகுமா?

ஆகாது, குழப்பம்தான் ஆகும். பேர் வேற கான்செப்ட் ஒண்ணுன்னு சொல்வாங்க, பாதிதான் உண்மை. நெட்வொர்க்கையே எடுத்துக்கோங்க. ஏடபிள்யூஎஸ்ல விபிசி (நமக்குன்னு தனியான நெட்வொர்க்) ஒரு ரீஜனுக்குள்ள இருக்கும், அதுல ஒரு சப்நெட் ஒரே ஒரு அவெய்லபிலிட்டி ஸோனுக்குள்ள (ரீஜனுக்குள்ள தனித்தனியா இருக்குற டேட்டா சென்டர் தொகுதி). கூகுள்ல விபிசியே உலகம் முழுக்க ஒண்ணு, சப்நெட்தான் ரீஜனுக்கு ரீஜன். அஷ்யூர்ல விநெட் (விபிசிக்கு அங்க அந்தப் பேரு) ரீஜனுக்குள்ள இருக்கும், ஆனா சப்நெட் எல்லா ஸோனுக்கும் பொதுவா விரிஞ்சிருக்கும். மூணையும் ஒரே மாசத்துல படிச்சா எக்ஸாம் ஹால்ல எது எங்கன்னு தலை சுத்தும். ஆபீஸ்ல எதைத் தொட சான்ஸ் இருக்கோ அதுல ஆரம்பிங்க. அப்படி எதுவும் இல்லன்னா நீங்க அப்ளை பண்ண நெனைக்கிற வேலை விளம்பரங்கள் ஒரு இருபதைப் படிச்சுட்டு எது அதிகமா வருதோ அது. ஒண்ணை ஒழுங்கா முடிச்சா அடுத்தது பாதி உழைப்புல வந்துடும்.

ஏடபிள்யூஎஸ்ஸோட க்ளவுட் பிராக்டிஷனர், அஷ்யூரோட ஏஇசட்-900 மாதிரி அடிப்படை எக்ஸாம் கட்டாயமான்னும் சில பேர் கேட்டிருந்தீங்க. கட்டாயம் இல்ல. லினக்ஸ், நெட்வொர்க்கிங்ல கை பழகுனவங்க நேரா அடுத்த லெவலுக்குப் போகலாம். ஆனா ஒரு /24 சப்நெட்ல எத்தனை ஐபி கிடைக்கும்னு கேட்டா முழிக்கிறவங்க, க்ளவுட் பக்கம் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வெறும் நெட்வொர்க்கிங் படிச்சுட்டு வாங்க. மொத்தம் 256, அதுல ஏடபிள்யூஎஸ்ஸும் அஷ்யூரும் ஆளுக்கு 5 ஐபி தனக்குன்னு எடுத்துக்கும், உங்களுக்கு 251 மிச்சம்.

கேள்வி: லேப் பண்ணிப் பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா கார்டு நம்பர் குடுத்து அக்கவுண்ட் ஓபன் பண்ணவே பயமா இருக்கு, தெரியாம பில் வந்துட்டா என்ன பண்றது?

பயம் நியாயமானதுதான். அதுக்காக லேப் பண்ணாம விட்டுடாதீங்க, ஏன்னா கையால செஞ்சது மறக்கவே மறக்காது. அக்கவுண்ட் திறந்த உடனே ரூட் யூஸருக்கு (எல்லா அதிகாரமும் இருக்குற லாகின்) எம்எஃப்ஏ, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு, போடுங்க, அடுத்து பட்ஜெட் அலர்ட் வைங்க, ரொம்ப சின்ன தொகைக்கே வைங்க. ஆனா ஒண்ணு, அலர்ட் உங்களுக்கு மெயில்தான் அனுப்பும், ஓடிக்கிட்டிருக்குறதை அதுவா நிறுத்தாது. லேப் முடிஞ்சதும் நீங்கதான் அழிக்கணும். நேட் கேட்வே சும்மா கிடந்தாலே மணிக்கணக்குல காசு ஏறும். ஈசி2வை ஸ்டாப் பண்ணாலும் அதோட ஈபிஎஸ் டிஸ்க்குக்குக் காசு போகும். பப்ளிக் ஐபிவி4 அட்ரஸுக்கு 2024 பிப்ரவரிலேர்ந்து, யூஸ்ல இருந்தாலும் இல்லாட்டியும், சார்ஜ் உண்டு. அஷ்யூர்ல இன்னொரு கண்ணி இருக்கு, விஎம்முக்குள்ள (அஷ்யூரோட வாடகை சர்வர்) போய் ஷட் டவுன் பண்ணா மட்டும் பத்தாது, போர்ட்டல்ல டீஅலகேட்டட்னு காட்டணும், அதுவரைக்கும் மீட்டர் ஓடும்.

என்ன லேப் பண்றதுன்னு கேட்டா நான் முதல்ல சொல்றது இதைத்தான். ஒரு ஈசி2ல சின்ன வெப் சர்வர் ஓட விடுங்க, செக்யூரிட்டி க்ரூப்ல (சர்வரோட காவல் விதி) 80ம் போர்ட் இன்பவுண்ட் மட்டும் திறங்க, ப்ரவுசர்ல பேஜ் வரும். இப்ப அந்த சப்நெட்டுக்குப் புதுசா ஒரு நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் வாசல்ல நிக்கிற காவல் விதி) போட்டு அதுலயும் இன்பவுண்ட் 80 மட்டும் அலவ் குடுங்க, அவுட்பவுண்ட்ல ஒண்ணும் குடுக்காதீங்க. பேஜ் வராது, சுத்திக்கிட்டே இருக்கும். அவுட்பவுண்ட்ல 1024லேர்ந்து 65535 வரைக்கும் (பதில் திரும்பிப் போற போர்ட்கள்) திறந்து விடுங்க, டக்குனு வந்துடும். செக்யூரிட்டி க்ரூப் உள்ள வந்ததை ஞாபகம் வெச்சு பதிலை வெளிய விடும், ஏசிஎல் ஞாபகம் வெக்காது, போக வேற பர்மிஷன் வர வேற பர்மிஷன். ஸ்டேட்ஃபுல், ஸ்டேட்லெஸ்னு இதை நூறு தடவை படிச்சிருப்பீங்க, அந்தப் பேஜ் வராம நிக்கிறதை ஒரு தடவை பாத்துட்டா போதும். மேல சொன்ன கேட்வே எண்ட்பாயிண்டையும் போட்டுட்டு ரூட் டேபிளை (எந்த டேட்டா எந்த வழியா போகணும்ங்கற பட்டியல்) திறந்து பாருங்க, பிஎல்னு ஆரம்பிக்கிற ஒரு புது வரி தானா வந்து உக்காந்திருக்கும். அதைப் பாத்தவங்களுக்கு அந்தக் கேள்வி எக்ஸாம்ல எப்படி வந்தாலும் தப்பாது.

கேள்வி: ஃப்ரெண்ட் ஒருத்தன் எக்ஸாம்ல வர்ற கேள்விகள் அப்படியே இருக்குன்னு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கான். அதை மட்டும் படிச்சா போதும்ங்கறான். படிக்கலாமா?

கூடாது. அதுக்குப் பேரு டம்ப். எக்ஸாம் ஆரம்பிக்கும்போது நீங்க ஒத்துக்குற அக்ரிமெண்ட்டுக்கே அது விரோதம், மாட்டினா ரிசல்ட் கேன்சல், வாங்கின சர்ட்டிஃபிகேட்டும் போகும், திரும்ப எழுத விடாம தடையும் போடலாம். அதை விட்டுத் தள்ளினாலும், அந்த பிடிஎஃப்ல இருக்குற விடைகள் நெறைய தப்பா இருக்கும், யாரோ குத்துமதிப்பா டிக் பண்ணது. மாக் டெஸ்ட் வேற, இது வேற. அஃபிஷியலா ஃப்ரீயாவே கிடைக்குது, மைக்ரோசாஃப்ட் லேர்ன்ல (அவங்களோட பாடத் தளம்) பிராக்டிஸ் அசெஸ்மெண்ட், ஏடபிள்யூஎஸ் ஸ்கில் பில்டர்ல பிராக்டிஸ் கொஸ்டின் செட், கூகுள்ல அந்தந்த எக்ஸாம் பக்கத்துலயே சாம்பிள் கேள்விகள். அந்த பிடிஎஃப்பை டெலீட் பண்ணிடுங்க.

கேள்வி: எனக்கு விஷயம் தெரியுது, ஆனா இங்கிலீஷ்ல அவ்ளோ நீளமான கேள்வியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள டைம் போயிடுது. கடைசி பத்து கேள்வியைப் பாக்கவே முடியல. என்ன செய்யலாம் அக்கா?

முதல்ல உங்களுக்கு உரிமையான ஒண்ணை வாங்குங்க. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு ஏடபிள்யூஎஸ் 30 நிமிஷம் கூடுதலா தருது. அக்கவுண்ட்ல அகாமடேஷன்னு இருக்குற இடத்துல கேட்டு வாங்கிட்டு, அதுக்கப்புறம்தான் ஸ்லாட் புக் பண்ணணும். புக் பண்ணிட்டுக் கேட்டா அந்த புக்கிங்குக்குச் சேராது. சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எக்ஸாம்னா 130 நிமிஷம் 160 ஆகுது, 65 கேள்விக்கு இது ரொம்பப் பெரிய விஷயம், இது தெரியாமலே எத்தனையோ பேர் அவதிப்பட்டிருக்காங்க, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். உங்க மொழியில எக்ஸாம் இல்லன்னா மைக்ரோசாஃப்ட் கிட்டயும் இதே மாதிரி 30 நிமிஷம் கேக்கலாம்.

படிக்கிற விதத்தையும் மாத்துங்க. கேள்வியோட கடைசி வாக்கியத்தை முதல்ல படிங்க, என்ன வேணும்னு அங்கதான் இருக்கும், மோஸ்ட் காஸ்ட் எஃபெக்டிவ், லீஸ்ட் ஆபரேஷனல் ஓவர்ஹெட்னு பெரிய எழுத்துலயே போட்டிருப்பாங்க. அப்புறம் ஆப்ஷன்களை மேலோட்டமா பாருங்க, எந்த இடத்துல வித்தியாசப்படுதுன்னு புரியும், அதுக்கப்புறம் மேல இருக்குற கதையைப் படிச்சா எந்த வரி முக்கியம்னு தானா தெரியும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல இழுத்தா ஏதோ ஒண்ணைப் போட்டு ஃப்ளாக் பண்ணிட்டு நகருங்க. தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது, ஒண்ணைக் கூட காலியா விடாதீங்க. மைக்ரோசாஃப்ட் எக்ஸாம்ல மட்டும் உஷார், கேஸ் ஸ்டடி பகுதியை முடிச்சுட்டு வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது. ஏஇசட்-104 (அஷ்யூர் அட்மினிஸ்ட்ரேட்டர்) மாதிரி எக்ஸாம்ல நடுவுலயே மைக்ரோசாஃப்ட் லேர்னைத் திறந்து பாக்க விடுவாங்க, ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதனால எங்க தேடணும்னு முன்னாடியே பழகினவங்களுக்குத்தான் அது உதவும்.

கேள்வி: 698 எடுத்து ஃபெயில் ஆயிட்டேன். ஒரே ஒரு கேள்வியிலதான் போச்சுன்னு மனசு ஆறவே மாட்டேங்குது. எப்ப திரும்ப எழுதலாம்?

வருத்தம் புரியுது, ஆனா அந்த நம்பரை வெச்சு ஒரு கேள்வி ரெண்டு கேள்வின்னு கணக்குப் போடாதீங்க. ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்ல 100லேர்ந்து 1000 வரைக்கும் ஸ்கேல் பண்ண மார்க் அது, பாஸுக்கு 720 வேணும், போதாததுக்கு 65ல 15 கேள்விக்கு மார்க்கே கிடையாது, எந்த 15னு சொல்லவும் மாட்டாங்க. ஸ்கோர் ரிப்போர்ட்ல எந்தப் பகுதியில தேறணும்னு போட்டிருப்பாங்க, அதைப் பிடிங்க. ஏடபிள்யூஎஸ்ல 14 நாள் கழிச்சு திரும்ப எழுதலாம். ஆனா 15ஆவது நாளே ஓட வேண்டாம். எக்ஸாம்லேர்ந்து வந்த அன்னிக்கே எந்தெந்த டாபிக்ல தடுமாறுனீங்கன்னு உங்களுக்காக மட்டும் குறிச்சு வைங்க, கேள்வியை இல்ல, டாபிக்கை. கேள்வியை வெளிய பகிரவே கூடாது. அந்த டாபிக்குகளை லேப்ல செஞ்சு முடிச்சுட்டு தேதி போடுங்க.

கேள்வி: எக்ஸ்பீரியன்ஸே இல்ல, சர்ட்டிஃபிகேட் மட்டும் இருந்தா வேலை கிடைச்சுடுமா?

அது மட்டும் இருந்தா கஷ்டம். ரெஸ்யூமேவை எடுத்துப் பாக்க வெக்கும், இன்டர்வியூல "இதை வெச்சு என்ன கட்டினீங்க"ன்னுதான் கேப்பாங்க. படிக்கும்போதே ஒரு சின்ன ப்ராஜெக்ட்டை முழுசா கட்டுங்க, எஸ்3ல ஒரு ஃபைல் வந்து விழுந்தா லாம்ப்டா (சர்வர் வெக்காமலே கோடை ஓட்டுற சர்வீஸ்) ஓடி டைனமோடிபில எழுதுற அளவுக்கு இருந்தாக் கூடப் போதும், ஆனா ஏன் அந்த சர்வீஸை எடுத்தீங்க, வேலை 15 நிமிஷத்துக்கு மேல இழுத்தா லாம்ப்டா தாங்காதே அப்ப என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும்.

கேள்வி: ஒரு தடவை பாஸ் பண்ணா ஆயுசுக்கும் செல்லுமா?

இல்ல. ஏடபிள்யூஎஸ் 3 வருஷம். கூகுள்ல அசோசியேட் 3 வருஷம், புரொஃபஷனல் 2 வருஷம். மைக்ரோசாஃப்ட்ல ஏஇசட்-900 மாதிரி ஃபண்டமென்டல்ஸ் காலாவதியே ஆகாது, ஏஇசட்-104 மாதிரியானது 1 வருஷம்தான், ஆனா முடியுறதுக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்து ஆன்லைன்லயே ஃப்ரீயா ரினியூ பண்ணிக்கலாம்.

கேள்வி: வீட்டுலேர்ந்தே எழுதலாமா, சென்டருக்குப் போறது நல்லதா?

வீட்டுல தனி ரூம், கதவு சாத்துற வசதி, அறுந்து போகாத நெட் இருந்தா வீட்டுலயே எழுதலாம், இல்லன்னா சென்டர்தான் நிம்மதி. வீட்டுல எழுதுனா மேஜை மேல ஒரு துண்டுச்சீட்டு கூட இருக்கக் கூடாது, நடுவுல யாரும் உள்ள வரக் கூடாது, குழந்தை இருக்குற வீட்டுல இது பெரிய கவலை. நெறைய பேர் கவனிக்காத ஒண்ணு, கேள்வியை முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம். அதைப் பாத்தா ப்ராக்டர் (ஆன்லைன்ல கண்காணிக்கிறவரு) எச்சரிப்பாரு, சில சமயம் எக்ஸாமையே நிறுத்திடுவாங்க. அந்தப் பழக்கம் இருந்தா மாக் டெஸ்ட்லயே வாயை மூடிப் படிச்சுப் பழகுங்க, நிக்கலன்னா சென்டருக்கே போயிடுங்க. ஐடில இருக்குற பேரும் எக்ஸாம் அக்கவுண்ட்ல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கான்னு, இனிஷியல் முன்ன பின்ன மாறியிருக்கான்னு, புக் பண்றதுக்கு முன்னாடியே பாத்து சரி பண்ணிடுங்க.