ஓவர்டைமில் வென்ற அணி, தோற்ற பந்தயம்

கேள்வி: அண்ணா, ஸ்காபரோவில் இருக்கிறேன். வயது 26, வெயார்ஹவுஸ் வேலை. சீசன் முழுக்க ஐஸ் ஹொக்கியில் பத்து, இருபது டொலர் என்று கட்டினேன், பெரிய நட்டம் இல்லை. 2025 பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் வரும் வெளியேற்றச் சுற்று) தொடங்கியதும் எல்லாம் தலைகீழானது. ஒட்டாவாவுடன் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ரொறன்ரோ வெல்லும் என்று 2.15க்குக் கட்டினேன். ரொறன்ரோ ஓவர்டைமில் வென்றது. ஆனால் என் பந்தயம் தோற்றுவிட்டது என்கிறது செயலி. இது ஏமாற்றுத்தானே? அந்தப் பிளேஆஃபில் மொத்தம் 600 டொலர் போனது. அடுத்த முறை ஒவ்வொரு ஆட்டமாகக் கட்டுவதா, முழுத் தொடருக்கும் சேர்த்துக் கட்டுவதா? தோற்கத் தோற்கக் கட்டும் பணத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறான் என் நண்பன். சரிவருமா?

பதில்: தம்பி, செயலிக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கோபிக்க வேண்டாம். நீங்கள் எழுதிய 2.15, அதாவது ஒரு டொலர் கட்டி வென்றால் 2.15 டொலர் கைக்கு வரும் என்ற எண்ணே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. சொந்த மண்ணில் ஆடுகிற, வெல்ல வாய்ப்புள்ள அணிக்கு, ஓவர்டைமும் சேர்த்து யார் வெல்வார் என்ற சாதாரண ‘மணிலைன்’ பந்தயத்தில் 1.70 அளவில்தான் கிடைக்கும். அதே அணிக்குப் பக்கத்துக் கட்டத்தில் 2.15 தெரிந்தால், அது ‘60 நிமிடப் பந்தயம்’. அதில் முடிவுகள் மூன்று: இந்த அணி, அந்த அணி, சமநிலை. மூன்றாவது, அதாவது கடைசி இருபது நிமிடப் பீரியட் முடியும் மணி அடித்த கணத்தில் உங்கள் பந்தயமும் முடிந்துவிடும். அன்று அந்த மணி அடித்தபோது ஆட்டம் 2-2. அப்புறம் மேக்ஸ் டோமி அடித்த கோலுக்கு நீங்கள் சோபாவில் துள்ளிக் குதித்திருக்கலாம், ஆனால் உங்கள் சீட்டு அதற்கு முன்பே செத்துவிட்டது.

பெரிய எண்ணைப் பார்த்து விரல் போன இடம் அது. எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். எனக்கு இரண்டுமுறை நடந்தது.

பிளேஆஃபில் இது ஏன் அதிகம் கடிக்கிறது? சீசன் ஆட்டம் சமனில் நின்றால் பக்கத்துக்கு மூன்று பேராக ஐந்து நிமிடம் ஆடுவார்கள், அதிலும் தீராவிட்டால் ஷூட்அவுட். பிளேஆஃபில் அந்தக் குறுக்குவழி இல்லை. ஐவருக்கு ஐவர், இருபது இருபது நிமிடமாக, ஒரு கோல் விழும்வரை. 1936இல் டெட்ரோயிட்டும் மொன்றியல் மரூன்ஸும் ஆறு ஓவர்டைம் ஆடின. 116 நிமிடம் 30 விநாடி கழித்துத்தான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல் விழுந்தது. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020இல் டம்பா பேயும் கொலம்பஸும் ஐந்தாவது ஓவர்டைம்வரை போயின. கொலம்பஸின் கோல் காப்பாளர் கோர்பிசாலோ 85 ஷொட்களைத் தடுத்தும் தோற்றார். நீங்கள் சொல்லும் ரொறன்ரோ-ஒட்டாவா தொடரில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்டங்கள் மூன்றும் வரிசையாக ஓவர்டைமில்தான் முடிந்தன: 3-2, 3-2, 4-3. இவற்றில் முதல் இரண்டு ரொறன்ரோவுக்கு, கடைசி ஒட்டாவாவுக்கு. அந்த மூன்று நாளும் 60 நிமிடப் பந்தயத்தில் எந்த அணியின் மீது கட்டியிருந்தாலும் பணம் போயிருக்கும்.

இந்த மூன்று ஆட்டங்களையே வைத்து மற்றப் பந்தயங்களையும் பார்த்துவிடலாம்.

‘பக் லைன்’ என்பது ஒன்றரை கோல் கணக்கு. -1.5 எடுத்தால் உங்கள் அணி குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். +1.5 எடுத்தால் ஒரு கோலில் தோற்றாலும் உங்களுக்குப் பணம். பிளேஆஃப் ஓவர்டைம் ஒரே கோலில் முடிவதால், அங்கே போன ஆட்டத்தில் -1.5 வெல்லவே முடியாது. மேலே சொன்ன மூன்றிலும் +1.5 எந்தப் பக்கம் எடுத்திருந்தாலும் வெற்றிதான். அதற்காக +1.5ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், ஒரு கோல் பின்தங்கிய அணி கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் கோல் காப்பாளரை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். வெற்று வலைக்குள் எதிரணி ஒன்று தட்டிவிட்டால் 2-1 ஆக இருந்தது 3-1 ஆகிவிடும். அந்தக் கடைசி ஒரு நிமிடம் பக் லைன்காரரின் இதயத்துக்கு நல்லதல்ல.

மொத்தக் கோல் பந்தயத்தில், இரு அணியும் சேர்ந்து அடிக்கும் கோல் கடைக்காரன் போட்ட கோட்டுக்கு மேலே (‘ஓவர்’) போகுமா கீழே (‘அண்டர்’) நிற்குமா என்று கட்டுவீர்கள். அதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 60 நிமிடத்தில் சமன் என்றால் மொத்தம் எப்போதும் இரட்டை எண்தான். ஓவர்டைம் அதில் சரியாக ஒன்றைச் சேர்க்கும். கோடு 5.5 என்றால் ஓவர்டைம் எதையும் மாற்றாது: 2-2 ஆக இருந்தால் ஐந்தில் முடியும், ‘அண்டர்’தான். 3-3 ஆக இருந்தால் ஏற்கெனவே ஆறு, ‘ஓவர்’ முடிந்துவிட்டது. ஆனால் கோடு 6.5 என்றால் 3-3 என்ற நிலை அண்டர்காரருக்கு ஆபத்து, ஓவர்டைமில் யார் அடித்தாலும் ஏழு. ஒட்டாவா 4-3 என்று வென்ற நான்காவது ஆட்டம் அப்படித்தான். அன்று 6.5க்கு அண்டர் எடுத்தவர் 60 நிமிடம் முடிந்தபோது வென்றுகொண்டிருந்தார், ஓவர்டைமில் கோல் விழுந்ததும் தோற்றார். ஓவர்டைம் கணக்கில் சேருமா சேராதா என்பது ஒவ்வொரு பந்தயத்தின் கீழும் சின்ன எழுத்தில் இருக்கும். ஷொட் எண்ணிக்கை போன்ற தனி ஆட்டக்காரர் பந்தயங்களுக்கும் அதைத் தனியாகப் பாருங்கள். அதைப் படிக்க அரை நிமிடம் போதும்.

சரி, எந்த அணி என்பதற்கு வருவோம். சீசன் பட்டியலைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் பிளேஆஃபில்தான் அதிகம் விடுகிறார்கள். 2019இல் டம்பா பே 62 ஆட்டங்களை வென்று 128 புள்ளி எடுத்தது. முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்று வீட்டுக்குப் போனது. 2023இல் பொஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனையே படைத்தது. தட்டுத்தடுமாறி உள்ளே வந்த புளோரிடா, 3-1 என்று பின்தங்கியிருந்தும் ஏழாவது ஆட்டத்தில் அவர்களை வெளியேற்றியது. இரண்டு முறையும் தொடர் முடிந்தபோது வென்ற அணியின் வலையில் நின்றவர் ஒரே ஆள், செர்கெய் பொப்ரொவ்ஸ்கி. இதில் வேடிக்கை, 2023 தொடரை புளோரிடா தொடங்கியது வேறொரு கோல் காப்பாளரோடு. பொப்ரொவ்ஸ்கி பாதியில்தான் வலைக்குத் திரும்பினார். முதல் நாளே தொடருக்குக் கட்டியவர் எவரும் அவரைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்.

ஆகவே ஒரு ஆட்டத்துக்குக் கட்டும்முன் நான் முதலில் பார்ப்பது வலையில் யார் என்பதைத்தான். காலைப் பயிற்சியில் முதலில் பனியை விட்டு வெளியேறும் கோல் காப்பாளர் பெரும்பாலும் அன்று ஆடுபவர், செய்தியாளர்கள் உடனே எழுதிவிடுவார்கள். மற்ற ஆட்டக்காரர்களின் காயம்பற்றி உருப்படியாக எதுவும் தெரியவராது. ‘மேல் உடல் காயம்’, ‘கீழ் உடல் காயம்’ என்பதற்கு மேல் பயிற்சியாளர்கள் பிளேஆஃபில் வாயைத் திறப்பதில்லை. சொந்த மண்ணில் ஆடும் அணிக்குக் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு, எதிரணியின் நட்சத்திரத்துக்கு எதிரே தனக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரரை நிறுத்தலாம். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். ‘இந்த முறை லீஃப்ஸ் கட்டாயம்’ என்ற நினைப்பைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ரொறன்ரோ லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் எடுத்தது 1967. ஊரே ஒரு அணியின் மீது கட்டும்போது அந்த அணிக்குத் தாராளமான விலை கிடைக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

இனி தொடரா, தனி ஆட்டமா. ஒரு அணி ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்ல 55 வீத வாய்ப்பு என்று வையுங்கள். முதலில் நாலு வெல்பவருக்கே என்ற ஏழு ஆட்டத் தொடரை வெல்ல அதற்குக் கிட்டத்தட்ட 61 வீதம். ஆட்டத்துக்கு 60 வீதம் என்றால் தொடருக்கு 71. ஏழு ஆட்டம் ஆடினாலும் நல்ல அணியின் பலம் அவ்வளவுதான் கூடுகிறது, அதிர்ஷ்டத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. தொடர் பந்தயத்துக்கு 1.40 என்று விலை போட்டிருந்தால், அந்த அணி 71 வீதத்துக்கு மேல் வெல்லும் என்று நீங்கள் நம்ப வேண்டும். ஒன்றை அந்த விலையால் வகுத்துப் பாருங்கள், கைபேசியே போதும். அந்த எண்ணை மனம் ஏற்காவிட்டால் விடுங்கள்.

உங்களைப் போன்றவருக்கு என் வோட்டு தொடர் பந்தயத்துக்கே. அங்கே 60 நிமிடமா ஓவர்டைமா என்ற தொல்லை இல்லை. கடைக்காரன், அதாவது பந்தயச் செயலிக்காரன், எடுக்கும் பங்கு ஒருமுறைதான் போகும். முக்கியமாக, இரண்டு வாரத்துக்கு ஒரே முடிவு, ஒவ்வொரு இரவும் தோற்ற கோபத்தில் புதிதாக ஒன்றைத் தட்ட வேண்டியதில்லை. பாதியில் கோல் காப்பாளர் காயப்பட்டால் உங்கள் பணம் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். அதைத் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள்.

பார்லே, அதாவது பல பந்தயங்களைக் கோத்து எல்லாம் வென்றால்தான் பணம் என்பது, வேண்டாம். இரு பக்கமும் 1.91 போட்டிருக்கும் சமவாய்ப்புப் பந்தயத்தில் நூறு டொலருக்குச் சராசரியாக நாலரை டொலர் கடைக்காரனுக்குப் போகும். அதே மாதிரி நாலைக் கோத்தால் 13.3 கிடைக்கும், நியாயமாகக் கிடைக்க வேண்டியது 16. நூற்றுக்குப் பதினேழு டொலர் அளவில் கடைக்காரன் பையில். விளம்பரங்களில் பார்லேயை ஏன் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பது இப்போது புரியும். ஆட்டம் நடக்கும்போது கட்டும் நேரடிப் பந்தயமும் அப்படியே. உங்கள் திரையில் தெரிவது சில விநாடி பழையது, விலை போடுகிறவனுக்கு அந்தத் தாமதம் இல்லை. 2013 ஏழாவது ஆட்டத்தில் மூன்றாவது பீரியடில் ரொறன்ரோ 4-1 என்று முன்னால் இருந்தது. 82 விநாடி மீதமிருக்கையில் பொஸ்டன் 4-3 ஆக்கியது, 51 விநாடி இருக்கையில் சமன், ஓவர்டைமில் கதை முடிந்தது. 4-1இல் ‘உறுதியான காசு’ என்று நுழைந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் நண்பரின் யோசனை. 20 டொலரில் தொடங்குங்கள்: 20, 40, 80, 160, 320. ஐந்து தோல்வியில் 620 போய்விடும். ஆறாவதாக 640 கட்டி, 1.91க்கு வென்றேவிட்டீர்கள் என்று வைப்போம். லாபம் 582 டொலர் 40 சதம். வென்ற பிறகும் 37 டொலர் 60 சதம் கையைக் கடிக்கிறது. சம ஆட்டங்களில் ஐந்து தொடர் தோல்வி அதிசயமே இல்லை, நீங்கள் விட்ட 600ஐப் பார்த்தாலே தெரியும். அந்த 600 போனது போனதுதான், அதைப் புதிய பிளேஆஃபின் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த ஆண்டுக்கு எவ்வளவு போனாலும் வாடகைக்கும் வீட்டுக்கு அனுப்பும் காசுக்கும் இடிக்காதோ அதை முதலே தனியாக வையுங்கள். ஒரு பந்தயத்துக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இவ்வளவு செய்தாலும் நீண்ட காலத்தில் வெல்வீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் தோற்பார்கள். படம் பார்க்கக் கொடுக்கும் காசுபோல நினைத்தால் மட்டும் கட்டுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: இது முழுக்க ஒன்ராறியோவின் கதை. ஒற்றை ஆட்டப் பந்தயத்தைக் கனடா அனுமதித்தது 2021 ஆகஸ்டில், ஒன்ராறியோ தனியார் செயலிகளுக்குச் சந்தையைத் திறந்தது 2022 ஏப்ரலில், 19 வயது நிரம்பியவர்களுக்கு. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

தம்பி, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. வேலை நேரத்தில் கைபேசியை எடுத்து ஸ்கோர் பார்க்காமல் இருக்க முடியவில்லை, கட்டியதை வீட்டில் மறைக்கிறீர்கள் என்றால், சூதாட்டப் பிரச்சினைக்கு உதவும் கொனெக்ஸ் ஒன்ராறியோவை 1-866-531-2600இல் எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம். அந்த அளவுக்கு இல்லையென்றாலும் செயலியின் கணக்குப் பக்கத்தில் பணம் போடும் வரம்பை இன்றே வையுங்கள். ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற எல்லாச் செயலியிலும் அது இருக்கும். ஒருமுறை வைத்த வரம்பைத் தளர்த்தக் கேட்டால் குறைந்தது 24 மணி நேரம் காக்க வைப்பார்கள். ஓவர்டைமில் தோற்ற இரவில் அந்த 24 மணி நேரம் உங்களுக்குத் தேவைப்படும்.