மாத்திரையும் மாலை நடையும்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: மனநலச் சிக்கல்களுக்கும் கவனச் சிதறலுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா, வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டால் போதாதா? எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பதில் இருந்திருந்தால் ஒரே பத்தியில் முடித்திருப்பேன். அப்படி இல்லை என்பதால் ஐந்து கடிதங்களைத் தனித்தனியே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. எதையும் பாதியில் விட்டுவிடுகிறாள் என்று சிறு வயதிலிருந்தே திட்டு வாங்கியவள். சென்ற மாதம் மனநல மருத்துவர் இரண்டு முறை விரிவாகப் பேசி, என் பழைய பள்ளி அறிக்கைகளையும் பார்த்துவிட்டு, ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு என்றார். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்; அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. நேர அட்டவணை, உடற்பயிற்சி, கைப்பேசியைக் குறைப்பது ஆகியவற்றை ஒழுங்காகச் செய்தால் போதாதா? இதற்காக மூன்று நாட்குறிப்பேடுகள் வாங்கினேன். மூன்றுமே பதினைந்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

பதில்: விடையில் பாதியை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். ஓர் அட்டவணையைப் பின்பற்ற வேண்டுமென்றால் அதைத் திறந்து பார்க்க நினைவு வர வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிட வேண்டும். சலிப்பான வேலையைத் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகு சுவாரசியமான வேறொன்று இழுத்தாலும் நகராமல் இருக்க வேண்டும். ஏ.டி.ஹெச்.டி. கை வைப்பது இந்த நான்கு இடங்களில்தான். மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தவருக்கு அதைத் தேடுவதற்கே கண்ணாடி தேவைப்படுவதைப் போன்ற சிக்கல் இது. ஆகவே குறிப்பேடுகள் பாதியில் நின்றதை உங்கள் சோம்பலுக்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மெத்தில்ஃபெனிடேட் புதிய மருந்து அன்று. 1944இல் உருவாக்கப்பட்டு, 1950களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. மூளையில் சுரக்கும் டோபமைன், நோர்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருள்கள் உடனுக்குடன் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடிக்கும். மெதுவாக வெளியாகும் வகை 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள் என்றாலும், மருந்து உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது பெரும்பாலும் சில வாரங்களிலேயே புலப்பட்டுவிடும். முயன்று பார்ப்பதனால் ஆயுள் முழுவதற்கும் எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகாது. பசி குறைவதும், மாலையில் தாமதமாக எடுத்தால் தூக்கம் கெடுவதும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறுவதும் உண்டு; தொடங்குவதற்கு முன்பும் அளவை மாற்றும்போதும் இவ்விரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். இதய நோய் இருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலோ கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். தவறாகப் பயன்படுத்தினால் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய வகை என்பதால்தான் பல நாடுகளில் இதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த அச்சம் உங்களுக்குப் பெரிதாக இருந்தால், மெத்தில்ஃபெனிடேட்டைப் போல மூளையைத் தூண்டும் ஊக்கிகள் வகையைச் சேராத அட்டோமாக்ஸெட்டின் என்ற மருந்தைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் அதன் முழுப் பயன் தெரியப் பல வாரங்கள் ஆகும்.

என்னிடம் சிகிச்சை பெறும் ஒருவரிடம், மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் என்ன மாறியது என்று கேட்டேன். "துவைக்கும் இயந்திரம் நின்றதும் எழுந்துபோய்த் துணியை எடுத்து உலர்த்தினேன்" என்றார். அதுவரை ஈரத் துணி உள்ளேயே கிடந்து நாற்றமெடுத்து, ஒரே துணியை மூன்று முறை துவைப்பதுதான் அவருடைய வழக்கம். அவர் வேறு எந்த மாற்றத்தையும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இனி அடுத்த பாதி. மாத்திரை கவனத்தைக் கூர்மையாக்கும். அந்தக் கவனத்தை எதன்மீது வைப்பது என்பதை அது முடிவு செய்யாது. மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் கையில் கைப்பேசி இருந்தால், அன்று காலை முழுவதும் மிகுந்த கவனத்துடன் கைப்பேசி பார்த்திருப்பீர்கள். ஆகவே முந்தைய இரவே அடுத்த நாளின் முதல் வேலையை மேசைமீது விரித்து வைத்துவிடுங்கள். நான்காவது குறிப்பேடு வாங்காதீர்கள்; ஒரே ஒரு தாளில் மூன்று வேலைகளை எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். தூக்கத்தையும் உடற்பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள்: இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்குபவரின் கவனத்தை எந்த மாத்திரையாலும் முழுமையாக மீட்க முடியாது.

கேள்வி: இரண்டு மாதங்களாக மனம் எதிலும் ஒட்டவில்லை, வேலைக்குப் போகிறேன், வருகிறேன், அவ்வளவுதான். மருத்துவர் இலேசான மனச்சோர்வு என்றார். தினமும் வேகமாக நடந்தால் மாத்திரையைத் தவிர்க்கலாமா?

பதில்: உங்கள் நிலையில் தவிர்க்கலாம். இலேசான மனச்சோர்வுக்கு முதல் படியாக மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பேச்சுவழிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் அங்கே முன்வரிசையில் இருக்கின்றன.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். மனச்சோர்வு உள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், ஒரு குழுவுக்குச் செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மாத்திரையும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் மாத்திரைக் குழு வேகமாக முன்னேறியது. 16 வாரங்கள் முடிந்தபோது மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தன. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்: அந்த உடற்பயிற்சி வாரம் மூன்று முறை, குழுவாக, பயிற்சியாளர் முன்னிலையில் நடந்தது. அதாவது ஒருவர் வராவிட்டால் அது தெரியவரும் ஏற்பாடு. மனச்சோர்வு முதலில் பறிப்பதே எழுந்து கிளம்பும் உந்துதலைத்தான் என்பதால், "நாளை முதல் நடப்பேன்" என்ற தனி மனித உறுதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. குறித்த நேரத்தில் உங்கள் வாசலுக்கு வந்து அழைக்கும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

ஆறு வாரங்கள் பாருங்கள். அதற்கு முன்பே சாப்பாடும் தூக்கமும் வெகுவாகக் குறைந்தாலோ, படுக்கையை விட்டு எழ முடியாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நடைப்பயிற்சியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது.

கேள்வி: ஏழு மாதங்களாகச் செர்ட்ராலின் எடுத்தேன். நன்றாக இருந்ததால், ஓட்டப்பயிற்சியும் தொடங்கிவிட்டதால், நானே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் இருக்கிறது. நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: இல்லை. அடிமைத்தனம் என்றால் மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கை இருக்கும், அளவு ஏறிக்கொண்டே போகும், கிடைக்காதபோது மனம் அதையே தேடும். உங்களுக்கு நேர்ந்தது வேறு. பல மாதங்களாக ஒரு மருந்தோடு ஒத்துப்போன நரம்பு மண்டலத்திலிருந்து அதை ஒரே நாளில் உருவிவிட்டீர்கள். மின்சாரம் வெட்டுவது போன்ற அந்த உணர்வு இத்தகைய மருந்துகளைத் திடீரென நிறுத்தியவர்கள் பலரும் சொல்வதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு, இதை எங்கள் துறையினர் நீண்ட காலம் போதிய அளவு ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பி, பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்.

ஆனால் நிறுத்தும் நேரம் வந்துவிட்டதா என்பது தனிக் கேள்வி. மாத்திரை தொடங்கி ஏழு மாதங்கள் என்பதும், குணமாகி ஏழு மாதங்கள் என்பதும் ஒன்றல்ல. அறிகுறிகள் முழுவதும் அடங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்வது நல்லது. நீண்ட காலம் மருந்து எடுத்து, நலமாக இருந்து, நிறுத்தலாம் என்று கருதிய 478 பேரை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2021இல் வெளியாயின. ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. தொடர்ந்தாலும் முழுக் காப்பு இல்லை, நிறுத்தினாலும் எல்லோரும் விழுவதில்லை என்ற இரண்டையும் அந்த எண்கள் சொல்கின்றன. உங்கள் ஓட்டப்பயிற்சி, மருந்தைக் குறைக்கும் மாதங்களில் மிகவும் உதவும். அதை அப்போது கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் எட்டு வயது மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று உறுதியாகிவிட்டது. சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டோம். துள்ளல் குறைந்ததுபோல் தெரிகிறது. இப்படியே போகலாமா?

பதில்: சர்க்கரையைக் குறைத்தது பற்களுக்கு நல்லது. துள்ளலுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக, கொடுத்தது சர்க்கரையா இல்லையா என்று தெரியாதபடி மறைத்துச் சோதித்த ஆய்வுகளில் தெரியவில்லை. அவற்றை ஒன்றாகத் தொகுத்து 1995இல் வெளியான கட்டுரை இந்த முடிவுக்குத்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு வேடிக்கையானது. பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சில தாய்மார்களிடம் சொன்னார்கள். உண்மையில் கொடுக்கவே இல்லை. அந்தத் தாய்மார்களின் கண்ணுக்குப் பிள்ளைகள் அதிகமாகத் துள்ளினார்கள். உங்கள் "குறைந்ததுபோல் தெரிகிறது" என்பதில் இதுவும் கலந்திருக்கலாம்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன். எட்டு வயதில், பள்ளியிலும் வீட்டிலும் தொல்லை கணிசமாக இருந்தால், மருந்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 1999இல் வெளியான பெரிய ஆய்வில், 14 மாத முடிவில், கவனக் குறைவையும் துள்ளலையும் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியைக் காட்டிலும் கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஒரு முறை தொடங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்கும் சிகிச்சை எதுவாக இருந்தாலும் இப்படித்தான் தேய்ந்துபோகும் என்பது என் கருத்து. மருந்து தொடங்கினால் பிள்ளையின் உயரத்தையும் எடையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை குறித்து வாருங்கள்.

கேள்வி: இருமுனை மனநோய்க்காக நான்கு ஆண்டுகளாக லித்தியம் எடுக்கிறேன். பத்து நாள் தியான முகாமுக்குப் போகிறேன். உண்ணாநோன்பும் உப்பில்லா உணவும் உண்டாம். அங்கே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: நிறுத்தாதீர்கள். இருமுனை நோயில் மனம் ஒரு காலம் அளவுமீறிப் பொங்கும், ஒரு காலம் ஆழ்ந்து சோரும்; லித்தியத்தைத் திடீரென விட்டால் அந்தப் பொங்கும் கட்டமான மிகையெழுச்சி நிலை திரும்பி வரும் ஆபத்து அதிகம்; தற்கொலை அபாயமும் கூடுகிறது. உங்கள் நண்பர் அறியாத இன்னொன்றும் உண்டு. உப்பு குறைந்தாலோ உடலில் நீர் வற்றினாலோ சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். வழக்கமான மாத்திரையே நஞ்சாகும் அளவுக்கு இரத்தத்தில் அது ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாவது, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாழ்க்கை முறை மாற்றம் என்றால் தீங்கே இல்லாதது என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தியானத்துக்கு நான் எதிரியல்லன். ஆனால் நீண்ட மௌனமும் குறைந்த தூக்கமும் இருமுனை நோய் உள்ளவர்களைக் குலைத்துவிடக்கூடும். முகாமின் உணவு, தூக்க நேரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு, போவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான உணவும் போதிய நீரும் கிடைக்காது என்றால் இந்த முறை போக வேண்டாம். போய்வந்தால், திரும்பிய வாரத்திலேயே லித்தியம் அளவைப் பரிசோதித்துவிடுங்கள். கடைசி மாத்திரைக்கும் இரத்தம் எடுப்பதற்கும் இடையே 12 மணி நேரம் இருக்கட்டும்.