ஸ்ட்ரட் பார்: பட்டறைச் சரக்கா, பிராண்டா? கேள்வி பதில்

கோவையில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் பட்டறை நடத்துகிறேன். பானெட்டைத் திறந்தால் இரண்டு ஷாக் அப்சார்பர் தலைக்கும் நடுவே குறுக்காக ஒரு கம்பி தெரியுமே, வளைவில் அந்த இரண்டு தலையும் அசையாமல் பிடிப்பதற்கான அந்த ஸ்ட்ரட் பார் பற்றியும், அதே போல வண்டிக்கு அடியில் போடும் பிரேஸ் எனும் கம்பிகள் பற்றியும் வாசகர்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

திருப்பூர், ஸ்விஃப்ட்: உள்ளூரில் செய்தது 2,800 ரூபாய், ஜப்பான் பிராண்டு 16,000 ரூபாய். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுமா?

குழாயை மட்டும் பார்த்தால், ஆமாம். 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர், ஒரு மீட்டர் நீளம் உள்ள சாதாரண இரும்புக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் 100 கிலோ விசை கொடுத்து நேராக அழுத்தினால் அது சுருங்குவது சுமார் 0.03 மி.மீ. ஜெராக்ஸ் தாளின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஜப்பான் இரும்பானாலும் சேலம் இரும்பானாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் எல்லா இரும்புக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விலை உயர்ந்த இரும்பு உடைவதற்கு அதிக விசை கேட்கும், அவ்வளவுதான், வளைவது குறையாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

அப்புறம் வித்தியாசம் எங்கே? இரண்டு முனையிலும் இருக்கும் தகட்டில். தகடு வளைவது அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது: 3 மி.மீ. தகட்டைவிட 5 மி.மீ. தகடு நாலரை மடங்கு விறைப்பு. 2.5க்கும் 5க்கும் எட்டு மடங்கு. பட்டறைக்காரர் 2.5 மி.மீ. தகட்டில் வெட்டி, அதன் மேல் இரண்டு அங்குலம் உயரத்தில் குழாயைத் தூக்கி வைத்திருந்தால், குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. டவர், அதாவது ஷாக்கின் தலை பொருந்தும் பாடியின் மேடு, அசையும்போது தகடுதான் மடங்கும், குழாய்க்கு விசையே போய்ச் சேராது.

அடுத்தது ஓட்டைகள். நாலு வண்டிக்குப் பொருந்தவேண்டும் என்று நீள ஓட்டை போட்டிருப்பார்கள். 10 மி.மீ. போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டை இருந்தாலே, போல்ட்டின் இறுக்கம் குறைந்த நாளில் அந்த ஒரு மி.மீ. முழுவதும் ஆடும். மேலே சொன்ன 0.03ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்குப் போகும்போது கனம் அளக்கும் வெர்னியர் கருவி கொண்டு போங்கள். தகட்டின் கனம் 4 மி.மீ.க்குக் குறையக்கூடாது, வெல்டிங் சுற்றிலும் முழுதாக இருக்கவேண்டும், தகடு டவரின் ஓர போல்ட்டுகள் எல்லாவற்றையும் வளையமாகப் பிடிக்கவேண்டும், குழாய் தகட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. இவை சரியாக இருந்தால் 2,800க்கே வாங்குங்கள், தயங்கவேண்டாம். பிராண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, உங்கள் வண்டியை அளந்து ஓட்டை துல்லியமாகப் போட்டதற்கும், துருப்பிடிக்காத பூச்சுக்கும் போகிறது. அதுவும் உண்மையான மதிப்புதான்.

ஒரு எச்சரிக்கை, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஸ்ட்ரட் பார் மாட்டும்போது டவரின் ஓரத்தில் உள்ள நட்களை மட்டும் கழற்றுங்கள். நடு நட்டைத் தொடாதீர்கள். அதற்குக் கீழே அழுத்திய ஸ்பிரிங் இருக்கிறது.

மதுரை, போலோ: பின்னால் டிக்கியிலும் ஒரு பார் போடலாமா?

உங்கள் வண்டியின் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். வளைவில் பக்கவாட்டு விசை பீமை பாடியோடு இணைக்கும் ரப்பர் புஷ் வழியாக பாடிக்குப் போகிறது, ஷாக்கின் தலைக்குப் பெரிதாக வருவதில்லை. அங்கே பார் போட்டால் சாமான் வைக்கும் இடம்தான் குறையும். புஷ் எத்தனை வருடம் ஆனது என்று முதலில் பாருங்கள்.

தேனி, பொலிரோ: எனக்கு எந்த கம்பெனி பார் நல்லது?

எதுவும் வேண்டாம். அது தனி சேஸிஸ் வண்டி, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டே (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து டவரில் பொருந்தும் அமைப்பு) கிடையாது, பார் பிடிக்க எதுவும் இல்லை.

சென்னை, ஹோண்டா சிட்டி: விலை அதிகம் என்றால் காரணம் இருக்கத்தான் செய்யும் சார். நான் 22,000 ரூபாய்க்கு அலுமினியம் பார் போட்டேன். அன்றைக்கே வண்டி தண்டவாளத்தில் போவது போல் ஆகிவிட்டது. நீங்கள் பட்டறைக்காரர் என்பதால் பட்டறைக்குப் பரிந்து பேசுகிறீர்கள்.

நான் ஸ்ட்ரட் பார் விற்பதில்லை, மாட்டித் தருவதோடு சரி. உங்கள் பாரின் படம் பார்த்தேன். இன்ஜின் மூடிக்காக நடுவில் சுமார் 4 செ.மீ. மேலே வளைந்து போகிறது. சிக்கல் அதில்தான் இருக்கிறது. நேரான குழாய் நீளவாக்கில் அமுங்கவேண்டும், அது கஷ்டம். வளைந்த குழாய் வில் மாதிரி இன்னும் வளைந்தால் போதும், அது சுலபம். மேலே சொன்ன அதே 25 மி.மீ. குழாயை நடுவில் 40 மி.மீ. தூக்கிவிட்டால் அதன் விறைப்பு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும், 60 மி.மீ. என்றால் பத்தொன்பதில் ஒரு பங்கு. தாளில் போட்டுச் சரிபார்க்கலாம், முனைகள் இரண்டும் கீல் போலச் சுழலும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இதற்கு மேல் அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அதே சென்னை நண்பர்: கணக்கு வேறு, ஸ்டீயரிங்கில் தெரிவது வேறு.

சரி, அன்றைக்கு வேறு என்ன வேலை செய்தீர்கள்?

அவரே: டயர் நான்கும் புதிது, அலைன்மென்ட் பார்த்தார்கள். ஆனால் நான் உணர்ந்தது பாரைத்தான்.

புது டயரையும் சரியான அலைன்மென்ட்டையும் தாண்டி பாரைத் தனியாக உணர்வது யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. உங்களைக் குறை சொல்லவில்லை, உடம்பு அப்படித்தான். ஒரு வழி சொல்கிறேன். நண்பர் ஒருவரை நிறுத்தி, நீங்கள் பார்க்காதபோது பாரைக் கழற்றவோ மாட்டவோ சொல்லுங்கள். பானெட் மூடியே இருக்கட்டும். வண்டி ஓடாத காலி மைதானத்தில், ஒரே வளைவை ஒரே வேகத்தில் பத்து முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் பார் இருக்கிறதா இல்லையா என்று எழுதிவையுங்கள். பத்தில் ஒன்பது சரியாக வந்தால் இங்கேயே உங்கள் பாரைப் பாராட்டி எழுதுகிறேன். நண்பர் ஓர நட்களை மட்டும் தொடட்டும், நடு நட் வேண்டாம்.

ஜொகூர் பாரு, மைவி: அண்ணே, சென்னைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. பி.எம்.டபிள்யூ. E46 M3யில் கம்பெனியே அலுமினியம் பார்தான் போட்டது. அலுமினியம் மட்டம் என்றால் ஏன் போடவேண்டும்? எங்க ஊரு அல்ட்ரா ரேசிங் எப்படி?

நல்ல கேள்வி தம்பி. அலுமினியம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதே அளவுக் குழாய் என்றால் விறைப்பு மூன்றில் ஒன்று, எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. இரும்புக்குச் சமமாக வரவேண்டுமானால் மூன்று மடங்கு உலோகம் வேண்டும், அப்போது எடையும் இரும்புக்குச் சமமாகிவிடும். ஆனால் அந்த உலோகத்தைப் பெரிய விட்டமாகப் பரப்பினால் வளைவதை நன்றாகத் தாங்கும், அதுதான் அதன் பலம். கம்பெனி பொறியாளர் பாடி, டவர், பார் மூன்றையும் சேர்த்து வரைகிறார். நமக்குக் கடையில் கிடைப்பது, ஏற்கெனவே வரைந்து முடித்த பாடியின் மேல் வைக்கும் ஒரு துண்டு. இரண்டையும் ஒப்பிடக்கூடாது.

அல்ட்ரா ரேசிங் மலேசியாக்காரர்கள் என்பதால் உங்களுக்குப் பக்கத்தில் கிடைக்கும். அந்தப் பெயர் ஒட்டிய போலியும் சந்தையில் உண்டு, ஸ்டிக்கரை நம்பாமல் தகட்டை அளந்து வாங்குங்கள். தட்டையான முட்டை வடிவக் குழாய் படுத்த வாக்கில் இருந்தால் அது பானெட் இடிக்காமல் இருக்கச் செய்தது, மேல்கீழ் வளைவதற்கு அது பலவீனமான பக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈரோடு: மலிவானது போதுமா?

திருப்பூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாமக்கல்: கம்மி விலையில் எது பெஸ்ட்?

அதே பதில். தகடு 4 மி.மீ., ஓட்டை துல்லியம், குழாய் நேர். அதற்கு மேல் பெயர் சொல்லமாட்டேன்.

திருச்சி, i20: பானெட் இடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சப்பாத்தி மாவை உருண்டை பிடித்து பாரின் மேல் நாலு இடத்தில் வையுங்கள். பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, அமுங்கிய மாவின் கனத்தை அளங்கள். 10 மி.மீ.க்குக் குறைந்தால் போடாதீர்கள், ஓடும்போது இன்ஜின் அசையும், பானெட்டும் அதிரும்.

பெங்களூர்: யமஹா பெர்ஃபார்மன்ஸ் டேம்பர் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் மலிவு நகல் கிடைக்குமா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். அது பாரே இல்லை, எண்ணெயும் அழுத்த வாயுவும் உள்ள ஒரு ஷாக் அப்சார்பர், பாடியின் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நடுவே மாட்டுவது. பாடியும் ஒரு ஸ்பிரிங்தான்: மேட்டில் ஏறினால் மிக நுண்ணிய அளவு முறுக்கிக்கொண்டு திரும்ப வரும். பார் அந்த ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறது, டேம்பர் அதன் ஆட்டத்தை உறிஞ்சுகிறது. 2001இல் டொயோட்டா கிரவுன் ஒன்றில்தான் முதலில் வந்தது. அசைவு மிமீயில் சிறு பகுதி என்பதால் உள்ளே சீல், வால்வு எல்லாம் மிகத் துல்லியமாக இருந்தாகவேண்டும். குழாயை எந்தப் பட்டறையும் நகலெடுக்கும், இதை எடுக்க முடியாது. விலைக்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கும் இடம் இது.

வேலூர்: அடியில் போடும் லோயர் பிரேஸ் எப்படி?

மேல் பாரைவிடப் பல வண்டிகளில் இதுதான் பிரயோஜனம், ஏனென்றால் டயரிலிருந்து வரும் பக்கவாட்டு விசையில் பெரும்பங்கு, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் இணைக்கும் லோயர் ஆர்ம் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. ஆனால் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் முதலில் உரசுவதும் இதுதான். லோயர் ஆர்ம் போல்ட்டைக் கழற்றித்தான் மாட்டவேண்டும் என்றால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லாமல் கை வைக்கவேண்டாம். தகடு நடுவில் வந்துவிட்டதால் பழைய போல்ட்டின் மரை போதுமா என்றும் பாருங்கள்.

கரூர்: இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

மாற்றங்கள் பற்றியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. என் துறை இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

சேலம்: 9 வருட வண்டி, 1.1 லட்சம் கிலோமீட்டர். வளைவில் முன்பக்கம் மிதக்கிறது. பிராண்டு பாரே வாங்கிவிடலாமா?

வேண்டாம் அண்ணா. ஸ்ட்ரட் மவுண்ட் ரப்பர் (ஷாக்கின் தலைக்கும் டவருக்கும் நடுவே இருப்பது), லோயர் ஆர்ம் புஷ், ஷாக், டயர் தயாரித்த தேதி, இந்த வரிசையில் பாருங்கள். மவுண்ட் ரப்பர் கிழிந்த டவர்மேல் எந்த விலை பார் போட்டாலும் ஸ்ட்ரட் உள்ளே ஆடிக்கொண்டேதான் இருக்கும். ரப்பரையோ ஷாக்கையோ மாற்றக் கொடுக்கும்போது மட்டும் நடு நட்டைக் கழற்றவேண்டி வரும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி இல்லாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சென்னை நண்பர்: ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்து பார்த்தேன். பத்தில் ஆறு சரி.

நேர்மையாக எழுதியதற்கு மிக்க நன்றி. காசைச் சுண்டிப் போட்டாலும் ஆறு வரும். பாரைக் கழற்றவேண்டியதில்லை, அது கெடுதல் எதுவும் செய்யவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஓர நட்களின் இறுக்கத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.