ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலை பாத்து எஜுகேஷன் லோனை அடைச்சிட முடியுமா?

முடியாது தம்பி. பார்ட் டைம் காசுல வாடகையும் சாப்பாடும் சமாளிக்கலாம், லோன் அடையாது. நீங்க தாம்பரத்துல மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கறீங்க, கன்சல்டன்சில "போன ரெண்டாவது மாசமே வேலை, ரெண்டு வருஷத்துல லோன் க்ளோஸ்"னு சொல்றாங்க, அப்பா வீட்டுப் பத்திரத்தை வெக்க ரெடியா இருக்காருன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பத்திரம்ங்கற வார்த்தையப் பாத்ததும் பதில் எழுதாம இருக்க முடியல, ஏன்னா எங்க அப்பாவும் கொளத்தூர் வீட்டுப் பத்திரத்தை வெச்சுதான் 2018ல என்னை அனுப்பினாரு.

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். நான் போனப்ப பிளாக் அக்கவுண்ட்ல, அதாவது விசாவுக்காக ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே போட்டு வெச்சு மாசா மாசம் எடுக்கற கணக்குல, 8,640 யூரோ கட்டணும், இப்ப 11,904 யூரோ, அதாவது மாசம் 992 தான் உங்க கைக்கு வரும். யூரோ நூறு ரூபாய்னு வெச்சாலே கிட்டத்தட்ட 12 லட்சம். வேலை பாக்கறதுக்கும் அளவு இருக்கு, வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் (2024 மார்ச்சுக்கு முன்னாடி 120ம் 240ம்), செமஸ்டர் நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள்ள நிக்கணும், தாண்டினா ஸ்டூடண்ட் இன்சூரன்ஸ் கணக்கே மாறிடும். குறைஞ்சபட்ச கூலி 2026 ஜனவரிலேருந்து மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் விடாம பாத்தா பென்ஷன் பிடிப்பு போக மாசம் ஆயிரத்து நூறுக்கு முன்ன பின்ன வரும். அதுல ரூம் வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு, போன், செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் போனா என்ன மிஞ்சும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அதுவும் முதல் நாள்லேருந்து வேலை கெடைச்சாதான் இந்தக் கணக்கு. எனக்கு முதல் மூணு மாசம் ஒரு வேலையும் கெடைக்கல.

நான் படிச்சது கெம்னிட்ஸ்ல, சாக்சனிங்கற மாநிலத்துல இருக்கற ஊரு. டியூஷன் ஃபீஸ் கெடையாது, வாடகை ரொம்ப கம்மி, அதனாலதான் நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் அங்க போறாங்க. ஆனா வாடகை கம்மியா இருக்கற ஊர்ல இங்கிலீஷ மட்டும் வெச்சு கெடைக்கற வேலையும் கம்மி, இதை எந்த கன்சல்டன்சியும் சொல்ல மாட்டாங்க. முனிக், ஸ்டுட்கார்ட் பக்கம் கம்பெனி அதிகம், வாடகை முழுங்கிடும், ஸ்டுட்கார்ட் இருக்கற மாநிலத்துல நம்ம மாதிரி வெளிநாட்டுப் பசங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ் வேற.

2019 ஜனவரில பார்சல் குடோன்ல நைட் ஷிஃப்ட் கெடைச்சுது, ஒரு ஏஜென்சி மூலமா, மணிக்கு 9.19 யூரோ. ராத்திரி பத்துலேருந்து பெட்டி தூக்கி பெல்ட்ல வெக்கணும், வெளிய மைனஸ் எட்டு டிகிரி, காலைல ரூமுக்கு வந்து படுத்தா கிளாஸுக்கு எழுந்திருக்க முடியாது, அப்படியே எழுந்து போனாலும் புரொஃபசர் சொல்றது எதுவும் ஏறாது. மார்ச்ல ரெண்டு பேப்பர் ஃபெயில். அங்க மார்க் தலைகீழ், 1.0 தான் உச்சம், 4.0 வரைக்கும் பாஸ், 5.0ன்னா ஃபெயில். அம்மாகிட்ட போன்ல 5.0ன்னு சொன்னேன், அஞ்சுக்கு அஞ்சுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டாங்க. நான் திருத்தவே இல்ல. அந்த ராத்திரி அழுத மாதிரி அதுக்கு முன்னாடியும் அழுததில்ல, பின்னாடியும் இல்ல.

அந்த ஏஜென்சி நான் காய்ச்சல்ல படுத்த அஞ்சு நாளுக்குச் சம்பளம் தரல. எனக்கும் கேக்கத் தெரியல. பிற்பாடுதான் தெரிஞ்சுது, வேலைக்குச் சேந்து நாலு வாரம் ஆயிட்டா ஸ்டூடண்டா இருந்தாலும், மினிஜாப்னு சொல்ற குறைஞ்ச சம்பள சின்ன வேலையா இருந்தாலும் உடம்பு சரியில்லாத நாளுக்கு சம்பளம் குடுத்தே ஆகணும், லீவும் உண்டு. இந்த மாதிரி பிரச்சனைக்கு ஃபேர் இன்டக்ரேஷன்னு ஒரு ஆலோசனை மையம் அங்க எல்லா மாநிலத்துலயும் இருக்கு, ஐரோப்பாவுக்கு வெளியேருந்து வந்தவங்களுக்கு இலவசமாவே பாப்பாங்க. பேரை இப்பவே எழுதி வெச்சுக்கோங்க.

குடோனை விட்டதுக்கப்புறம் வந்த வேலை நான் தேடாத எடத்துலேருந்து வந்துச்சு. நான் பெரம்பூர்லேருந்து தெனம் டிரெயின் புடிச்சு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில ரெண்டு வருஷம் குவாலிட்டில இருந்தேன், சிஎம்எம் மெஷின்ல பார்ட்டை வெச்சு அளந்து ரிப்போர்ட் போடற வேலை. இது என்ன பெரிய அனுபவம்னு நானே சி.வி.ல (ரெஸ்யூமேல) ஒரே வரில கடைசில போட்டிருந்தேன். ஒரு நாள் யூனிவர்சிட்டி லேப்ல அளவு சரியா வராம நின்னுட்டு இருந்தாங்க, புரோப் (பார்ட்டைத் தொட்டு அளக்கற முனை) தேஞ்சிருக்கும், காலிப்ரேட் பண்ணிப் பாக்கலாமான்னு கேட்டேன், அவ்ளோதான். அங்க பிஎச்டி பண்ணிட்டு இருந்தவரு "உனக்கு இது எப்படித் தெரியும்"னு கேட்டு, அடுத்த மாசமே ஹிவி வேலை போட்டுக் குடுத்தாரு. ஹிவின்னா யூனிவர்சிட்டிக்குள்ளயே பாக்கற ஸ்டூடண்ட் அசிஸ்டண்ட் வேலை, அந்த 140 நாள் கணக்குல இது வராது. சம்பளம் குடோனை விட பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா என் வேலையை ஒருத்தர் பக்கத்துலேருந்து பாத்தாரு. அவர் சொல்லித்தான் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில வெர்க்ஸ்டூடண்ட், அதாவது படிச்சுக்கிட்டே கம்பெனில பாக்கற பார்ட் டைம் வேலைக்கு, இன்டர்வியூ கெடைச்சுது, அங்கதான் தீஸிஸும் பண்ணேன்.

அதனால நான் சொல்றது இதுதான், போறதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது அம்பத்தூரோ கிண்டியோ ஓரகடமோ எங்கயாவது ஷாப் ஃப்ளோர்ல நில்லுங்க. சம்பளம் பதினெட்டாயிரம்னாலும் பரவால்ல. அங்க காலேஜ் பேர் யாருக்கும் தெரியாது, நீங்க தொட்ட மெஷின் பேர் தெரியும். கெளம்பறப்ப எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல என்ன மெஷின், என்ன வேலைன்னு விவரமா எழுதி வாங்கிக்கோங்க, "ஹிஸ் காண்டக்ட் வாஸ் குட்"னு ஒரு வரி அங்க எதுக்கும் உதவாது. சி.வி.ல அப்பா பேர், மதம், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எடுத்துட்டு அந்த எடத்துல இதைப் போடுங்க.

அடுத்தது ஜெர்மன். கோர்ஸ் இங்கிலீஷ்லதான், மொழி எதுக்குன்னு கேட்டிருக்கீங்க. கிளாஸுக்கு வேணாம், வேலைக்கு வேணும். நான் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன்ல ஏ2 வரைக்கும் (ஜெர்மன்ல ஏ1, ஏ2, பி1னு படிப்படியா லெவல் இருக்கு) முடிச்சுட்டுதான் போனேன், இறங்கினதும் ஒண்ணும் புரியல, புத்தகத் தமிழ் மட்டும் படிச்ச வெள்ளைக்காரர் நேரா வியாசர்பாடி மார்க்கெட்ல வந்து நின்னா எப்படியோ அப்படி, சாக்சன் பேச்சு அவ்ளோ வேற. ஆனா அந்த ஏ2 இருந்ததாலதான் ஒன்றரை வருஷத்துல பி1 தாண்ட முடிஞ்சுது. வெர்க்ஸ்டூடண்டா போன எடத்துல ஃபோர்மேன் ஐம்பத்தெட்டு வயசு, இங்கிலீஷ் சுத்தமா வராது, அவர் கையெழுத்து இல்லாம ஒரு பார்ட் வெளிய போகாது. அவர்கிட்ட தப்பும் தவறுமா பேசிப் பேசிதான் எனக்கு மொழி வந்துச்சு. அங்க போய் கத்துக்கலாம்னு மட்டும் விடாதீங்க, முதல் செமஸ்டர்ல ரூம் தேடறது, ஊர்ப் பதிவு, விசா ஆபீஸ்னு அலையறதுக்கே நேரம் போயிடும்.

இன்னொண்ணு, சில பேர் சென்னை கம்பெனிக்கு அங்கேருந்தே ஃப்ரீலான்ஸ் பண்ணலாம்னு யோசனை சொல்லுவாங்க. ஸ்டூடண்ட் விசால அனுமதி வாங்காம சொந்தமா தொழில் பண்ணக்கூடாது. சாப்பாடு டெலிவரி வேலைலயும் காண்ட்ராக்ட் சம்பள வேலையா, சொந்தத் தொழிலான்னு பாத்துட்டுதான் சேரணும். விசாவை வெச்சு ரிஸ்க் எடுக்காதீங்க.

படிப்பு முடிஞ்சா வேலை தேட 18 மாசம் தருவாங்க, அந்த நேரத்துல எந்த வேலை வேணா பாக்கலாம். கேக்க நிறைய மாதிரி இருக்கும். எனக்கு அறுபதுக்கு மேல அப்ளை பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு, தீஸிஸ் பண்ண கம்பெனில எடம் இல்ல, ஆனா அவங்க குடுத்த சோய்க்னிஸ்ங்கற வேலைச் சான்றிதழ்ல அந்த ஃபோர்மேன் சொன்னதெல்லாம் எழுதியிருந்துச்சு, 2022ல அடுத்த கம்பெனில அதைப் படிச்சுட்டுதான் கூப்பிட்டாங்க. நீங்க போற நேரம் அதை விட கஷ்டம். ஆட்டோமொபைல்ல ஆள் குறைப்பு நடக்குது, வோக்ஸ்வாகன்ல மட்டும் 2030க்குள்ள 35,000க்கு மேல வேலை குறைக்கறதா 2024 டிசம்பர்ல ஒப்பந்தமே போட்டாங்க. மெக்கானிக்கல்னா கார் கம்பெனி மட்டும்னு நெனைக்காம ரயில், மெடிக்கல் கருவி, மெஷின் டூல் பக்கமும் இப்பவே பாத்து வெச்சுக்கோங்க.

என் ஒன்பது லட்சம் லோன் 2024ல முடிஞ்சுது. பார்ட் டைம் காசு அதுக்கு ஒரு ரூபாய் கூடப் போகல, முழுக்க முழுநேர வேலைச் சம்பளம். நான் படிச்ச மூணு வருஷமும் வட்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதை அப்பா மாசா மாசம் கட்டினாரு, எனக்குச் சொல்லவே இல்ல. போன வருஷம் திரும்பி வந்து பீரோல பேங்க் சீட்டெல்லாம் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

உங்க அப்பா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவர் பக்கத்துல உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க: படிக்கற காலத்து வட்டி மாசம் எவ்ளோ, அதை யார் கட்டப் போறாங்க, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வேலை கெடைக்கலன்னா இஎம்ஐக்கு என்ன வழி. மூணுக்கும் பதில் இருந்தா போங்க தம்பி, தைரியமா போங்க. இல்லன்னா ஒரு வருஷம் எஸ்டேட்ல வேலை பாத்துக்கிட்டே சாயங்காலம் ஜெர்மன் கிளாஸ் போயிட்டு அடுத்த வருஷம் அப்ளை பண்ணுங்க, ஏபிஎஸ் சர்டிஃபிகேட், அதாவது நம்ம படிப்புச் சான்றிதழ் எல்லாம் அசல்தான்னு ஜெர்மன் எம்பசி தரப்புல சரிபாத்துக் குடுக்கறது, அதை வாங்கறதுக்கும் நேரம் கெடைக்கும்.