திட்டுவதற்கு ஆள் இல்லாத கவிஞர்

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டையில் பள்ளித் தமிழாசிரியை. வருகிற டிசம்பர் 3 அன்று கவிஞர் முடியரசனின் நினைவு நாளுக்குக் காரைக்குடியில் ஒரு சின்ன இலக்கிய வட்டம் கூட்டம் நடத்துகிறது. என்னைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் அப்பச்சி மீ.சு. உயர்நிலைப்பள்ளியில் அவரிடம் படித்தவர். அதுதான் என் தகுதி.

போன வருடக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணா அவரைத் 'திராவிட நாட்டின் வானம்பாடி' என்று பாராட்டியதை மேடை ஏறிய எல்லோருமே சொன்னார்கள். ஒருவர்கூட ஒரு பாட்டை முழுதாகச் சொல்லவில்லை. வகுப்பில் கண்ணதாசன் பெயரை எடுத்தால் பிள்ளைகள் பாடவே ஆரம்பித்துவிடுகிறார்கள். முடியரசன் என்றால் "யாரு டீச்சர் அது?" என்கிறார்கள். கவியரசு என்ற பட்டம் இருவருக்கும் உண்டு. ஒருவரை மட்டும் ஊர் ஏன் மறந்தது? நான் என்ன பேசட்டும்?

இன்னும் இரண்டு சின்ன சந்தேகம். கூட்டம் சேர்வதற்காக ஒரு சினிமாப் பாடலாசிரியரை அழைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். தொடக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றுவதும் உண்டாம். எனக்கு இரண்டும் உறுத்துகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

கண்ணதாசனோடு ஒப்பிடுவதை முதலில் விட்டுவிடுங்கள். 1981 அக்டோபர் 17-ல் அவர் சிகாகோவில் இறந்தபோதும் இங்கே டீக்கடை ரேடியோவில் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார், இன்றும் பாடுகிறார். மெட்டு இருக்கிறது, பெரிய குரல்கள் இருக்கின்றன, திரையில் முகங்கள் இருக்கின்றன. சிறுகூடல்பட்டியில் பிறந்து, காரைக்குடிக்குப் பிள்ளை கூட்டப்பட்டு (தத்துக் கொடுக்கப்பட்டு)ப் போனவர் என்பதால் செட்டிநாட்டுக்குச் சொந்தப் பெருமையும் சேர்ந்துகொள்கிறது. 2027 ஜூனில் நூற்றாண்டு. அந்த ஆரவாரத்தில் முடியரசன் பெயர் இன்னும் கீழே போகும். அதற்கு யாரையும் நொந்து பயனில்லை.

முடியரசனுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. பெரியகுளத்தில் பிறந்த துரைராசு. மேலைச்சிவபுரி கணேசர் செந்தமிழ்க் கல்லூரியில் வித்துவான் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, 1949-ல் காரைக்குடிக்கு வந்தார். 1978 வரை ஒரே பள்ளிக்கூடம். சினிமா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, நமக்கு ஒத்துவராது என்று சாக்பீஸுக்கே திரும்பியவர். கடைசிவரை மரபுக் கவிதையை விடவில்லை. அவர் ஓய்வு பெறும்போது இளைஞர்கள் எல்லோரும் புதுக்கவிதைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். மெட்டும் இல்லை, புது மோஸ்தரும் இல்லை. அப்புறம் எப்படிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

ஆனால் இது பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: எல்லோரும் பாராட்டினார்கள், ஒருவரும் பாட்டைச் சொல்லவில்லை.

இறந்த கவிஞரை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் உங்கள் ஊருக்குத் தமிழ்நாட்டில் வேறெந்த ஊருக்கும் இல்லாத அனுபவம் உண்டு. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி. அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துப் பிறந்த குழந்தையின் நாக்கில் வைத்தால் தமிழ் வரும் என்ற நம்பிக்கை உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அது பக்தி. சா. கணேசன் அந்தப் பக்தியை மட்டும் நம்பவில்லை. 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கி, பங்குனி தோறும் விழா எடுத்தார். முதல் விழாவுக்கு ரசிகமணி டி.கே.சி. தலைமை. சொன்ன நேரத்தில் தொடங்கி சொன்ன நேரத்தில் முடிப்பார்கள் என்று இன்றும் பெரியவர்கள் வியந்து சொல்வார்கள். (நம் கூட்டங்களில் வரவேற்புரை முடியவே ஏழு மணி ஆகிவிடுகிறது.) அதைவிட முக்கியம், அவர் மேடைக்கு யார் யாரைக் கூட்டி வந்தார் என்பது. கம்யூனிஸ்ட் ஜீவா வந்தார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் வந்தார். பட்டிமண்டபம் போட்டு, வாலியை ராமன் கொன்றது சரியா என்று அடித்துக்கொள்ள விட்டார்கள்.

இன்னொரு பக்கம், அதே காலத்தில் திராவிட இயக்கம் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்றது. 1943-ல் அண்ணா ஒரு பக்கமும் தமிழறிஞர்கள் ரா.பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதி ஆகியோர் எதிர்ப்பக்கமுமாக மேடையிலேயே வாதம் நடந்தது. எரிக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் காட்டவாவது அவர்கள் கம்பனைப் பாட்டுப் பாட்டாகப் படிக்க வேண்டியிருந்தது. காக்க வந்தவர்களும் படித்தார்கள். கம்பன் பிழைத்ததில் கம்பன் கழகத்துக்கு எவ்வளவு பங்கோ, கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு அவனைத் திட்டியவர்களுக்கும் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது முடியரசனைப் பாருங்கள். அவரைத் திட்ட ஒருவரும் இல்லை. தமிழ்ப் பற்றாளர், கொள்கை மாறாதவர், நல்லாசிரியர், சாதியை விட்டவர், பிள்ளைகளுக்கும் சாதி பார்க்காமல் திருமணம் செய்துவைத்தவர். எல்லாம் உண்மை. மறுக்க என்ன இருக்கிறது? மறுக்க ஒன்றும் இல்லாததால் புத்தகத்தைத் திறக்கவும் அவசியம் இல்லாமல் போய்விட்டது. முன்னோரைக் கும்பிடும் படைப்பு வீட்டுப் பெட்டி மாதிரி வருடத்துக்கு ஒரு நாள் எடுத்து, மஞ்சள் தடவி, கும்பிட்டு, மூடி வைத்துவிடுகிறோம்.

அதனால் உங்கள் பதினைந்து நிமிடத்தில் அவரோடு கொஞ்சம் சண்டை போடுங்கள். நம் பக்கத்து ஆச்சிமார்களின் ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்கள். அதில் புகழ்ச்சி மட்டுமா இருக்கிறது? என்னை இப்படி விட்டுப் போனாயே, அதைச் செய்தாயா, இதைக் கேட்டாயா என்று இறந்தவரிடம் கணக்குக் கேட்பார்கள். அதைக் கேட்டு யாராவது இவளுக்குப் பாசம் இல்லை என்று சொன்னதுண்டா?

எனக்கு இருக்கும் சண்டையைச் சொல்கிறேன். அவருடைய 'பூங்கொடி' 1964-ல் வந்தது. அடுத்த ஜனவரியில் இந்தி எதிர்ப்பு மொழிப்போர் வெடித்தது. மணிமேகலையின் அச்சில் வார்த்த காப்பியம். மணிமேகலை அறத்துக்குத் தன்னைக் கொடுத்தாள், பூங்கொடி தமிழுக்குக் கொடுக்கிறாள். யோசனை பெரிது. ஆனால் படிக்கும்போது எனக்குப் பல இடங்களில் மேடைப் பேச்சுத்தான் கேட்கிறது. பாத்திரங்கள் வாயைத் திறந்தால் கொள்கை வருகிறது. மணிமேகலை எழுதிய சாத்தனாரிடமும் தத்துவ வாதம் உண்டு, கேட்டால் தலை சுற்றும். ஆனால் அங்கே ஆதிரை இருக்கிறாள், பசியோடு காயசண்டிகை இருக்கிறாள், சிறைக்கோட்டம் இருக்கிறது. பூங்கொடியில் அந்த அளவுக்கு மனிதர்கள் எனக்குத் தட்டுப்படவில்லை. இதை நீங்கள் மேடையில் சொன்னால் அவருடைய பழைய மாணவர் ஒருவராவது கோபித்துக்கொண்டு எழுந்து, "அம்மா, இந்தக் காதையை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை" என்று நாலு வரி சொல்லிக் காட்டுவார். அதுதான் வேண்டும். அவர் சொல்லும் அந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கூட்டமே.

'வீரகாவியம்' வேறு மாதிரி. பாரசீகத்துச் சோராப்–ருஸ்தம் கதை, 1970-ல் வந்தது. தன் மகன் என்று தெரியாமல் தகப்பன் களத்தில் மகனைக் கொல்லும் கதையில் கொள்கைக்கு இடமே கிடையாது. அங்கே முடியரசன் கதை சொல்லியாகவே வேண்டும், நன்றாகவே சொல்கிறார். உங்கள் பிள்ளைகளுக்குப் பூங்கொடியிலிருந்து தொடங்காதீர்கள், இதிலிருந்து தொடங்குங்கள்.

என் ஓட்டு மூன்றாவது புத்தகத்துக்கு. 1983-ல் வந்த 'ஊன்றுகோல்'. பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியாரின் வாழ்க்கை. மகிபாலன்பட்டிக்காரர், சிறு வயதிலேயே கால் பாதிக்கப்பட்டு ஊன்றுகோலோடு நடந்தவர். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். அப்படியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மேலைச்சிவபுரியில் 1909-ல் சன்மார்க்க சபையைத் தொடங்கியவர். அந்த ஊர்க் கல்லூரியில்தான் முடியரசன் தமிழ் படித்தார். இப்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பண்டிதமணி திருவாசகத்துக்கு உரை எழுதிய சைவர், சமஸ்கிருதம் கற்று மிருச்சகடிக நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கியவர். முடியரசன் சுயமரியாதைக்காரர், தனித்தமிழ்க்காரர். மேடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒத்துப்போகும் விஷயத்தைவிட ஒத்துப்போகாத விஷயம் அதிகமாக இருக்கும். பண்டிதமணி 1953-ல் மறைந்தார். முப்பது வருடம் கழித்து, யாரும் நினைவு நாள் அழைப்பிதழ் நீட்டாமலே, முடியரசன் அவருக்காக ஒரு காப்பியம் முழுவதும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இறந்த ஒரு தமிழ்க்காரரை எப்படி நினைக்க வேண்டும் என்பதை அவரே செய்துகாட்டியிருக்கிறார் அல்லவா? உங்கள் பேச்சுக்கு இதைவிட நல்ல விஷயம் என்னிடம் இல்லை. பதினைந்து நிமிடத்தில் பாதியை 'ஊன்றுகோல்' வரிகளைச் சத்தமாக வாசிக்கவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நூல்கள் 2000-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன. நகல் எடுத்து நாற்காலிக்கு ஒன்றாக வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

உங்கள் அப்பச்சி வருவாரா? வந்தால் அவரைப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்துவிடாதீர்கள். மைக்கைக் கொடுங்கள். ஐயாவிடம் படித்த பாட்டில் எது இன்னும் வாயில் நிற்கிறது என்று கேளுங்கள். 1978-க்கு முன் அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் இப்போது அறுபதை ஒட்டியவர்கள், தாண்டியவர்கள். சிலைக்கும் மண்டபத்துக்கும் நான் எதிரி இல்லை, வரட்டும். ஆனால் அதெல்லாம் பத்து வருடம் தாமதமானாலும் ஒன்றும் ஆகிவிடாது. இந்த மாணவர்களின் ஞாபகத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது. ஒரு செல்போனில் பதிவு செய்துவிடுங்கள், போதும்.

சினிமாப் பாடலாசிரியரைத் தாராளமாக அழைக்கலாம். ஆனால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முடியரசன் பாட்டு ஒன்றை வாசித்துவிட்டுத்தான் சொந்தப் பேச்சு. சிலர் அதைக் கேட்டதும் அன்று ஷூட்டிங் என்பார்கள். சரி, நல்லதுதான்.

குத்துவிளக்கு விஷயத்தில் உங்கள் உறுத்தல் நியாயம். தன் இறுதி ஊர்வலத்தில்கூடச் சாதி சமயச் சடங்கு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். வீட்டாரும் அப்படியே செய்தார்கள். இலக்கிய வட்டத்தில் வாதம் பண்ண முடியவில்லை என்றால், நிகழ்ச்சி நிரலில் அந்த வரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் "பாட்டு வாசிப்பு" என்று போடச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் யார் கோபித்துக்கொண்டார்கள், எந்தப் பாட்டுக்கு என்று எழுதுங்கள்.