ஆசிரியருக்கு விழுந்த சாட்டையடி

கேள்வி: 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் தோண்டப் போனவர்களுக்கு ஹோட்டல், கேளிக்கை, விருந்தோம்பல் எல்லாம் இருந்தனவா? மகன் மெல்பர்னில் இருக்கிறான். அடுத்த மாதம் பல்லாரட் என்ற பழைய தங்க வயல் ஊரைப் பார்க்கப் போகிறோம். (வாசகி, தென்காசி)

பதில்: முதலில் ஓர் எச்சரிக்கை. அங்கே 'ஹோட்டல்' என்ற பலகையைப் பார்த்ததும் "இரண்டு இட்லி, ஒரு வடை" என்று உள்ளே நுழைந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்கு மதுக்கடை என்று பொருள். குடிக்க வருகிறவன் படுக்கவும் நாலு அறை வைத்திருந்தால்தான் விற்பனை உரிமம் என்று பழைய சட்டம் சொன்னது. அறைகள் போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே சொல் கப்பலேறி மூன்று நாட்டில் மூன்று வேலை பார்க்கிறது: இங்கிலாந்தில் படுக்கை, ஆஸ்திரேலியாவில் பிராந்தி, நம்மிடம் சாம்பார். தங்க வேண்டும் என்றால் நாம் லாட்ஜைத் தேடுவோம். மிலிட்டரி ஹோட்டல் என்றால் கோழிக் குழம்பு. அங்கே ராணுவத்தைத் தேடிப் போனவர் யாருமில்லை.

இந்த 'ஹோட்டல்' என் பேனாவில் வரும்போதெல்லாம் ஒரு புலவர் நண்பர் அஞ்சலட்டை போடுவார். "உணவகம் என்று எழுத என்ன கேடு?" முப்பது வருடமாக நடக்கும் வழக்கு இது. ஐயா, பல்லாரட்டில் யுரேகா ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. 1854 அக்டோபர் 17 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடி அதைக் கொளுத்தினார்கள். நான் 'யுரேகா உணவகம்' என்று எழுதினால், சாம்பார் ஊசிப்போனதற்காகக் கொளுத்தினார்கள் என்றுதானே தென்காசி வாசகி நினைப்பார்?

உண்மையில் நடந்தது இது. 1851இல் அங்கே தங்கம் கிடைத்தது. உலகமே மண்வெட்டியோடு வந்து இறங்கியது. குடித்தால் கலவரம் வரும் என்று அரசு தங்க வயல்களில் மது விற்பனையைத் தடை செய்தது. தடை செய்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியே எலுமிச்சைச் சாறு, உள்ளே ரம் என்று கூடாரங்கள் முளைத்தன. மாமூல் கொடுத்த கூடாரம் நின்றது, கொடுக்காத கூடாரம் எரிந்தது. பிறகு அரசு மனம் மாறி ஹோட்டல்களுக்கு உரிமம் கொடுத்தது. அப்படி எழுந்ததுதான் ஜேம்ஸ் பென்ட்லியின் யுரேகா ஹோட்டல். கூடவே பௌலிங் விளையாட ஒரு கூடமும் உண்டு.

அக்டோபர் 7ஆம் தேதி பொழுது விடியும் முன் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற ஸ்காட்லாந்துக்காரரும் அவருடைய கூட்டாளியும் ஏற்கெனவே போதுமான அளவு ஏற்றிக்கொண்டு, பூட்டிய கதவைத் தட்டினார்கள். இன்னும் ஒரு கிளாஸ் வேண்டுமாம். கதவு திறக்கவில்லை, ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. சற்று நேரத்தில் ஸ்கோபி தெருவில் பிணமாகக் கிடந்தார். பென்ட்லியை விசாரித்த மாஜிஸ்திரேட், குற்றமில்லை என்று விட்டுவிட்டார். அந்த மாஜிஸ்திரேட்டுக்கும் பென்ட்லிக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது ஊருக்கே தெரியும். ஹோட்டல் எரிந்தது. பென்ட்லி குதிரையேறித் தப்பினார். மறு விசாரணையில் அவருக்கு மூன்று ஆண்டு கடுங்காவல். மாஜிஸ்திரேட்டின் வேலையும் போயிற்று. ஆனால் கோபம் அடங்கவில்லை. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டிய தோண்டும் உரிமக் கட்டணம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி விடியற்காலையில், தோண்ட வந்தவர்கள் எதிர்ப்புக்காக எழுப்பியிருந்த யுரேகா அரண்மீது சிப்பாய்கள் பாய்ந்தார்கள். தோண்ட வந்தவர்களில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள்.

விருந்தோம்பல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சொல்லை இப்போது ஒரு 'துறை' ஆக்கிவிட்டார்கள். பட்டப்படிப்பு இருக்கிறது, கழுத்தில் டை இருக்கிறது. போன மாதம் நான் தங்கிய ஒரு விடுதியில் வாசலில் கைகூப்பி 'விருந்தோம்பல்' செய்துவிட்டு, இரண்டாவது கிண்ணச் சட்னிக்கு இருபது ரூபாய் பில்லில் சேர்த்திருந்தார்கள். அது கிடக்கட்டும். விருந்து என்றால் பழைய தமிழில் புதுமை. புதிதாக வாசலில் வந்து நிற்பவர்தான் விருந்து, இலையில் இருப்பது அல்ல. அப்படிப் பார்த்தால் பல்லாரட் முழுவதும் விருந்தாளிகள்தான்; போன வாரம் வந்தவன் இந்த வாரம் வந்தவனுக்குப் பழங்குடி. கையில் தங்கத்தூள் சேர்ந்தவன் மதுக்கூடத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு 'நாப்ளர்' வாங்கித் தர வேண்டும். இரண்டு வாய்க்கு வரும் சாராயத்துக்கு அந்தப் பெயர். இப்படி எல்லோருக்கும் வாங்கித் தருவதற்கு 'ஷவுட்' என்று பெயர், அதாவது கத்துவது. இன்றும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் மகனை யாராவது "இன்று உன் கத்தல்" என்றால் அவன் தொண்டையைச் செருமக் கூடாது, பர்ஸைத் திறக்க வேண்டும். விருந்தாளியே விருந்தாளிக்குப் படைக்க, வீட்டுக்காரன் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் விருந்தோம்பல்! மண்ணுக்கு உரியவர்களான வாடவுரங் மக்களை யாரும் கேட்கவே இல்லை. பல்லாரட் என்பது அவர்கள் மொழிச் சொல்தான். சாய்ந்து இளைப்பாறும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். இளைப்பாற வந்தவர்கள் எழுந்து போகவில்லை.

கேளிக்கைக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான், ஏனென்றால் அதில் ஓர் ஆசிரியர் அடி வாங்குகிறார்.

அவர் பெயர் ஹென்றி சீகாம்ப், 'பல்லாரட் டைம்ஸ்' ஆசிரியர். யுரேகா சண்டையின்போது தோண்டுபவர்கள் பக்கம் நின்று எழுதியதற்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஆறு மாதத் தண்டனை பெற்றார். துப்பாக்கி தூக்கியதாக வழக்குப் போடப்பட்ட பதின்மூன்று பேரும் விடுதலை, பேனா தூக்கியவருக்குச் சிறை! மூன்று மாதத்திலேயே வெளியே விட்டார்கள்; அதுவரை பத்திரிகையை நடத்தியவர் மனைவி கிளாரா. (இதை என் வீட்டில் வாசித்துக் காட்டினேன். "நீங்கள் உள்ளே போனால் முதல் வேலையாகக் கேள்வி-பதிலை நிறுத்துவேன்" என்று பதில் வந்தது.)

சர்க்காரையே எதிர்த்து நின்ற அந்த மனிதர் 1856 பிப்ரவரியில் ஒரு நாட்டியக்காரியிடம் மாட்டிக்கொண்டார். லோலா மாண்டெஸ். ஸ்பானியப் பெயர், ஐரிஷ் பெண், குழந்தைப் பருவத்தில் கொஞ்சம் இந்தியா. பவேரிய மன்னர் லூத்விக் இவரைச் சீமாட்டி ஆக்கினார். 1848இல் அவர் முடி துறந்ததற்கு இந்த அம்மையாரும் ஒரு காரணம். பல்லாரட்டின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஹோட்டலை ஒட்டிய விக்டோரியா தியேட்டரில் இவருடைய 'சிலந்தி நடனம்'. பாவாடைக்குள் சிலந்திகள் புகுந்துவிட்டதாகப் பாவனை. உதறி உதறி ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி மிதிக்க வேண்டும். உதறுகிற உயரம் கூட்டத்தைப் பொறுத்தது. சீகாம்ப் சிலந்தியோடு நிறுத்தாமல் அம்மையாரின் ஒழுக்கத்தையும் பத்திரிகையில் அலசினார். பிறகு அதே ஹோட்டலுக்குள் போனார். எழுதிய மறுநாள் எங்கே போகக் கூடாது என்பது ஓர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அம்மையார் சாட்டையோடு வந்து விளாசினார். சீகாம்பும் கையிலிருந்த சாட்டையால் திருப்பி அடித்தார். கடைசியில் இருவரும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். டிக்கெட் இல்லாத இந்த ஆட்டத்துக்குத்தான் அந்த வாரம் நல்ல கூட்டம் என்று நினைக்கிறேன்.

பல்லாரட்டில் சாவரின் ஹில் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அந்த ஹோட்டலையும் தியேட்டரையும் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். போனால் சீகாம்புக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எனக்குச் சாட்டை விழுந்ததில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றி, 'மிருதங்கம் நன்றாக இருந்தது' என்று ஒரே வரி எழுதினேன். அடுத்த வாரம் பெண்ணின் தகப்பனார் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கறுப்புக் குடை. வெளியே மழை இல்லை, வெயிலும் இல்லை. முக்கால் மணி நேரம் அந்தக் குடையால் என் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். நான் காபி வரவழைத்தேன். குடித்தார், மறுபடியும் தட்டினார். போகும்போது குடையை மறந்து வைத்துவிட்டார். இன்னும் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஒரு கம்பி மட்டும் வளைந்திருக்கிறது. அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பவராக இருந்தால், வேலை நேரத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம். முன்கூட்டியே போன் செய்துவிட்டு வந்தால் நல்லது. நான் வெளியே போயிருப்பேன்.