பிரேசில் மெகா டிரைவ்: படம் கறுப்பு வெள்ளையில் மட்டும் தெரிகிறது

பிரேசிலில் விற்கப்பட்ட உங்கள் மெகா டிரைவ் (சேகா நிறுவனத்தின் வீடியோ கேம் கன்சோல்) தொலைக்காட்சியில் வண்ணமில்லாமல் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கன்சோல் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு, திறக்காதீர்கள். நீங்கள் சொல்வதுபோல் படம் உருளாமல் நின்று, ஒலியும் வந்து, வண்ணம் மட்டும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் பால்-எம், அதாவது பிரேசிலின் வண்ணத் தொலைக்காட்சி முறை.

சேகாவின் கருவிகளை டெக்டாய் என்ற பிரேசில் நிறுவனம் அங்கே விற்றபோது அந்நாட்டு வண்ண முறைக்கு மாற்றியே விற்றது. அமெரிக்கா, ஜப்பானில் வழங்கிய என்டிஎஸ்சி முறையைப் போலவே பால்-எம்மும் 60 ஹெர்ட்ஸ், 525 வரிதான்; வண்ணத்தை அனுப்பும் விதம் மட்டும் வேறு. எனவே என்டிஎஸ்சி தொலைக்காட்சி படத்தைப் பிடித்துக்கொள்கிறது, வண்ணத்தைத் தவறவிடுகிறது.

தொலைக்காட்சியின் மெனுவில் வண்ண முறையைத் தானியங்கியிலிருந்து பால்-எம்முக்கு மாற்றிப் பாருங்கள். அந்தத் தெரிவே இல்லையா? தொலைக்காட்சி ஏற்குமானால் ஆர்ஜிபி கேபிள் (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே அனுப்புவது) போடுங்கள். இந்தச் சிக்கலே எழாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கிய பிற்கால மாதிரிகள் சிலவற்றில் ஆர்ஜிபி இல்லாமல் இருக்கலாம். கேபிளுக்குப் பணம் கொடுக்குமுன் பின்புற சாக்கெட்டைப் பாருங்கள்.

வண்ணத்தைவிட எனக்குக் கவலை அடாப்டர்தான். பிரேசிலில் 127 வோல்ட் பகுதிகளும் உண்டு, 220 வோல்ட் பகுதிகளும் உண்டு. அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள்.